மீன் தொட்டிக் கண்ணாடியில் கீறல் விழுந்தால் என்ன செய்வது?



நம் பக்கத்துக் குழுக்கள் சில அலங்கார மீன் தொழில் செய்து வருவது உங்களுக்குத் தெரியும். சிலர் குஞ்சு வாங்கி வளர்த்து விற்கிறோம். சிலர் பழைய கண்ணாடித் தொட்டிகளை வாங்கிச் சுத்தம் செய்து விற்கிறோம். இன்னும் சிலர் கிளினிக், கடை, கம்பெனி வரவேற்பறைகளில் இருக்கும் தொட்டிகளை மாதக் கட்டணத்துக்குப் பராமரிக்கிறோம். வேப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறினால் வில்லிவாக்கத்தில் இறங்கி கொளத்தூர் போய்விடலாம். வண்ண மீன், தொட்டி, மோட்டார், தீவனம் எல்லாம் மொத்த விலைக்கு அங்கே கிடைக்கும். இந்தப் பக்கம் காக்களூர் தொழிற்பேட்டை, அந்தப் பக்கம் அம்பத்தூர், வடக்கே கும்மிடிப்பூண்டி என்று கம்பெனிகளும் நிறைய. அதனால் இந்தத் தொழிலுக்கு நம் ஊர் தோதான இடம்தான்.

மீனுக்கு நோய் வந்தால் என்ன செய்வது என்று பல பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். கண்ணாடியில் கீறல் விழுந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நாங்கள் அதைச் சிரமப்பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். அதை இந்தப் பாடத்தில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நடந்தது என்ன?

ஒரு கிளினிக்கில் நாலடித் தொட்டி ஒன்றைப் பராமரிக்க ஒப்புக்கொண்டோம். முதல் மாதம். எங்கள் உறுப்பினர் ஒருவர் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, அடியில் இருந்த மணலை ஸ்பாஞ்சாலேயே தள்ளிச் சமப்படுத்தினார். பிறகு அதே ஸ்பாஞ்சால் முன்பக்கக் கண்ணாடியில் இருந்த பாசியைத் தேய்த்தார். ஸ்பாஞ்சுக்குள் மணல் புகுந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. பாசி போனது. ஆனால் கண்ணாடியில் ஒரு முழம் அகலத்துக்கு அரைவட்டமாகக் கோடு கோடாக விழுந்துவிட்டது.

கூட்டத்தில் ஒரே சத்தம். "புதுக் கண்ணாடி கேட்டா யார் குடுக்கிறது? சேமிப்புல கை வைக்க முடியுமா?" என்று ஒருவர். "யார் செஞ்சாங்களோ அவங்களே கட்டட்டும்" என்று இன்னொருவர். கீறல் போட்டவர் அடுத்த இரண்டு வாரம் கூட்டத்துக்கே வரவில்லை. அவர் வீட்டுக்குப் போய்த்தான் அழைத்து வந்தோம். பற்பசை போட்டுத் தேய்த்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் இரண்டு பேர் கொளத்தூர் போய், தொட்டி ஒட்டும் ஒருவரிடம் கேட்டோம். அவர் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "நகத்தால தடவிப் பாத்தீங்களாம்மா? தண்ணி ஊத்திப் பாத்தீங்களா?"

இந்த இரண்டு கேள்வியில்தான் பாடமே இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது: கீறலா, கறையா?

நம் பக்கத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர். உப்பு அதிகம். தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய, உப்பு கண்ணாடியில் வெள்ளைக் கோடாகப் படியும். பார்ப்பதற்குக் கீறல் போலவே இருக்கும். பழைய தொட்டி விற்பவர்களே "கீறல் விழுந்த தொட்டி" என்று சொல்லிக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவதும் உண்டு.

தொட்டி காலியாக இருக்கும்போது, பழைய பருத்தித் துணியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்துக் கோட்டின் மேல் ஒட்டினாற்போல் வையுங்கள். அரை மணி நேரம் கழித்துத் துடையுங்கள். கோடு மங்கினாலோ மறைந்தாலோ அது உப்புக் கறை. இரண்டு மூன்று தடவை செய்தால் போய்விடும். கோடு அப்படியே இருந்தால் அது கீறல். மீன் இருக்கும் தொட்டிக்குள் வினிகர், எலுமிச்சை எதுவும் விழக்கூடாது. முடித்த பிறகு நல்ல தண்ணீரில் நன்றாக அலசிவிட வேண்டும்.

இரண்டாவது: நகச் சோதனை

கண்ணாடியைத் துடைத்துக் காய வைத்து, கீறலுக்குக் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக இழுங்கள்.

* நகம் தட்டாமல் வழுக்கிப் போனால் அது மேலோட்டமான கீறல். தேய்த்துப் போக்கலாம்.
* நகம் 'டக்' என்று மாட்டினால் அது ஆழமான கீறல். அதைத் தேய்க்க முயற்சி செய்ய வேண்டாம்.

காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

மூன்றாவது: தண்ணீர்ச் சோதனை

தொட்டியின் உட்பக்கக் கீறலை ஈர விரலால் தடவுங்கள். ஈரம் பட்ட இடத்தில் கீறல் மறைகிறதா? அப்படியானால் தொட்டியில் தண்ணீர் நிரப்பியதும் அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. கீறலுக்குள் காற்று இருக்கும்போது வெளிச்சம் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் வெளிச்சம் அவ்வளவாகச் சிதறுவதில்லை. தண்ணீருக்கும் கண்ணாடிக்கும் ஒளியை வளைக்கும் தன்மையில் வித்தியாசம் குறைவு. காற்றுக்கும் கண்ணாடிக்கும் வித்தியாசம் அதிகம். அதுதான் காரணம்.

எங்கள் தொட்டியில் தண்ணீர் முழுதும் நிரப்பிப் பார்த்தோம். முழ அகலத்துக்கு இருந்த கோடுகளில் மூன்று மட்டும்தான் மிஞ்சித் தெரிந்தன. தொட்டியின் வெளிப்பக்கக் கீறலுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே எப்போதும் காற்றுதான்.

ஆகவே சகோதரிகளே, காலித் தொட்டியைப் பார்த்துப் பயந்து செலவு செய்யாதீர்கள். தண்ணீர் நிரப்பி, ஆறடி தள்ளி நின்று பாருங்கள். வாடிக்கையாளர் பார்ப்பதும் அங்கிருந்துதான்.

கீறல் ஏன் விழுகிறது?

ஜெர்மனியைச் சேர்ந்த மோஸ் என்ற கனிம அறிஞர் 1812-ல் ஒரு கடினத்தன்மை வரிசை சொன்னார். 1 முதல் 10 வரை எண். எண் கூடினால் கடினம் கூடும். கடினமானது மென்மையானதைக் கீறும்.

* விரல் நகம்: சுமார் 2.5
* சுண்ணாம்புத் தூள்: 3
* சாதாரணக் கண்ணாடி: சுமார் 5.5
* ஆற்று மணலில் இருக்கும் படிகக் கல்: 7
* மோதிரத்தில் பதிக்கும் அமெரிக்கன் டைமண்ட் கல்: 8-க்கு மேல்
* வைரம்: 10

இந்த வரிசையைப் பார்த்தாலே விஷயம் புரியும். மணல் கண்ணாடியைவிடக் கடினம். ஒரே ஒரு மணல் போதும். கல் வைத்த மோதிரம் இன்னும் மோசம். தொட்டிக்குள் கை விடுமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்ளச் சொல்வது இதனால்தான்.

கீறல் எப்படிப் போகிறது?

கீறலை யாரும் 'நிரப்புவது' இல்லை. கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டு வருகிறோம். வயலில் பரம்படிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழமான பள்ளத்துக்கு நிறையக் கண்ணாடியைத் தேய்த்தெடுக்க வேண்டும். அப்போது அந்த இடம் குழிந்து, அதன் வழியாகப் பார்த்தால் மீன் நெளிந்து கோணலாகத் தெரியும். நகம் மாட்டும் கீறலைத் தேய்க்க வேண்டாம் என்று சொன்னதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் பாதுகாப்பு. கண்ணாடிக் கடைக்காரர் எப்படிக் கண்ணாடி வெட்டுகிறார்? சின்னச் சக்கரத்தால் ஒரு கோடு போடுகிறார். பிறகு லேசாக அழுத்துகிறார். கோட்டோடு உடைகிறது. தொட்டியில் ஆழமான கீறலும் அப்படிப் போட்ட கோடு மாதிரிதான். அழுத்தம் தருவது தண்ணீர். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி நிறைந்தால் சுமார் 255 லிட்டர். அதாவது 255 கிலோ. ஐந்து சிமெண்ட் மூட்டை எடை! அது உடைந்தால் மீன் மட்டுமா போகும்? பக்கத்தில் குழந்தை நின்றால் என்ன ஆகும்?

பலிக்காத வைத்தியங்கள்

*பற்பசை, சமையல் சோடா:* பற்பசையில் இருக்கும் சுண்ணாம்புத் தூளும், சமையல் சோடாவும் கண்ணாடியைவிட மென்மை. கறை போகும், கீறல் போகாது.

*நெயில் பாலிஷ், முட்டை வெள்ளை, வாசலின்:* இவை பள்ளத்தை அடைத்துக் கொஞ்ச நாள் மறைக்கும். பிறகு உரிந்து தண்ணீரில் கலக்கும். மீனுக்கு ஆபத்து. தொட்டிக்குள் கண்டிப்பாகக் கூடாது.

*உப்புத்தாள், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார்:* ஒரு கீறலை எடுக்கப்போய் நூறு கீறல் விழும்.

பலிக்கும் வைத்தியம்: சீரியம் ஆக்ஸைடு தூள்

கண்ணாடி விளிம்புக்குப் பாலிஷ் போடும் பட்டறைகளில் ஒரு தூள் வைத்திருப்பார்கள். வெளுத்த செங்காவி நிறம். பெயர் சீரியம் ஆக்ஸைடு. இது தண்ணீரோடு சேரும்போது கண்ணாடியின் மேல்தோலோடு லேசாக வினைபுரிந்து, அதை மிக மெல்லிய அளவில் எடுக்கிறது. சும்மா உராய்வது மட்டும் அல்ல. அதனால்தான் புதுக் கீறல் விழாமல் பளபளப்பு வருகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் இந்தச் சீரியம் இருக்கிறது. கண்ணாடிக் கடைகளில் கேட்டால் தூள் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். கால் கிலோ வாங்கினால் பல தொட்டிக்கு வரும்.

செய்முறை

1. மீன்களைத் தொட்டித் தண்ணீரோடு வாளிக்கு மாற்றி ஏர் பம்ப் போட்டு மூடி வையுங்கள். தொட்டியை முழுதும் காலி செய்யுங்கள். மணல், கல், பில்டர் எல்லாம் வெளியே. மீனை வைத்துக்கொண்டு இந்த வேலை செய்யவே கூடாது.

2. கண்ணாடியை இரண்டு முறை கழுவித் துடையுங்கள். ஒரு மணல்கூட இருக்கக்கூடாது.

3. கீறலுக்கு எதிர்ப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் வட்டம் போடுங்கள். தேய்க்கும்போது தூள் மூடிவிட்டால் கீறல் எங்கே என்று தெரியாது. மூலைகளில் உள்ள சிலிக்கான் பசைமேல் டேப் ஒட்டி மறையுங்கள்.

4. முகக்கவசம் போட்டுக்கொண்டு தூளைத் தண்ணீரில் கரையுங்கள். கெட்டி மோர் பதம் போதும். தூள் காற்றில் பறக்கக்கூடாது.

5. கையால் செய்வதானால் கெட்டிக் கம்பளித் துணியைக் கட்டையில் சுற்றி, ஈரமாக வைத்துக்கொண்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும். மெல்லிய கீறலுக்கே மணிக்கணக்கில் ஆகும். டிரில் மிஷினில் கம்பளிப் பட்டை மாட்டிச் செய்தால் சீக்கிரம் முடியும். ஆனால் குறைந்த வேகத்தில்தான் ஓட்ட வேண்டும்.

6. கீறல் மேல் மட்டும் அழுத்தாதீர்கள். அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சமமாகத் தேய்த்தால்தான் குழி விழாது.

7. ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, கண்ணாடியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறவிடுங்கள். தானாக ஆற வேண்டும். சூட்டில் கண்ணாடி தெறிக்கும். பட்டை ஒருபோதும் காயக்கூடாது. ஒருவர் தேய்க்க, ஒருவர் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

8. துடைத்துப் பாருங்கள். கீறல் மெலிந்திருந்தால் தொடருங்கள். அரை மணி நேரம் தேய்த்தும் துளிகூட மாறவில்லை என்றால் அது ஆழமான கீறல். விட்டுவிடுங்கள்.

எச்சரிக்கை: மின்சாரமும் தண்ணீரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வேலை இது. ஈரக் கையால் பிளக்கைத் தொடக்கூடாது. செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். உயிர் காக்கும் டிரிப் சுவிட்ச் இருக்கும் இணைப்பில் மட்டும் மாட்டுங்கள். முந்தானையை இழுத்துச் செருகி, தலைமுடியை முடிந்துகொள்ளுங்கள். டிரில் மிஷின் முடியைச் சுற்றினால் நிறுத்துவதற்குள் விபத்து நடந்துவிடும்.

இரண்டு வகைத் தொட்டியில் இந்த முறை வேண்டாம். ஒன்று, பிளாஸ்டிக் வகையான அக்ரிலிக் தொட்டி. தட்டினால் 'டிங்' என்று கண்ணாடிச் சத்தம் வராது, மந்தமாக இருக்கும். அதற்கு வேறு பாலிஷ். இரண்டு, டெம்பர்டு கண்ணாடி. அதன் பலமே இறுகிய மேல்தோலில் இருக்கிறது. அதில் ஆழத் தேய்க்கக்கூடாது.

மீனைத் திரும்ப விடும் முன்

சோப்புப் போடாமல் மூன்று நான்கு முறை கழுவுங்கள். மூலைகளில் தூள் தங்கும், பழைய பல் பிரஷ்ஷால் எடுங்கள். தண்ணீர் நிரப்பி ஒரு இரவு வைத்து, அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஓரங்களில் கசிவு இருக்கிறதா என்று அந்த இரவிலேயே தெரிந்துவிடும். பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல், வாளியில் எடுத்து வைத்த பழைய தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். அதில் இருக்கும் நல்ல கிருமிகள் சாகாமல் இருக்கும். புதுத் தண்ணீரும் வாளித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு மீனை விடுங்கள்.

எங்கள் தொட்டி என்ன ஆனது?

கிளினிக் விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை போய், மாறி மாறி ஒரு பகல் முழுதும் தேய்த்தோம். மூன்று கோட்டில் இரண்டு போய்விட்டது. ஒன்று உற்றுப் பார்த்தால் தெரியும். நகம் மாட்டாத கோடு, ஆபத்தில்லை. அதற்கு முன்பே உரிமையாளரிடம் போய், "எங்க கையால கீறல் விழுந்துடுச்சுங்க. சரிசெய்யப் பாக்கிறோம். முடியலன்னா கண்ணாடி மாத்தித் தர்றோம்" என்று நாங்களே சொல்லியிருந்தோம். சொல்லும்போது கை நடுங்கியது உண்மை. அவர் கோபப்பட்டார். ஆனால் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை.

தூள், பட்டை, டிரில் வாடகை, ரயில் செலவு எல்லாவற்றையும் தொழில் வருமானத்திலிருந்து எடுத்தோம். ஒருவர் தலையில் கட்டவில்லை. தெரிந்தே அலட்சியம் செய்தால் அவர் பொறுப்பு, தெரியாமல் நடந்தால் குழுவின் பொறுப்பு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அந்த உறுப்பினர்தான் இப்போது ஸ்பாஞ்ச் பெட்டிக்குப் பொறுப்பு. அவர் கழுவிப் பார்த்துக் கொடுக்காமல் ஒரு ஸ்பாஞ்சும் தொட்டிக்குள் போகாது.

கண்ணாடி மாற்றுவதா, தேய்ப்பதா?

சின்னத் தொட்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி சதுர அடிக் கணக்கில் விற்கிறது. இரண்டடி நீளம், ஓரடி உயரமுள்ள தொட்டிக்கு முன்கண்ணாடி இரண்டு சதுர அடிதான். அதன் விலை, சிலிக்கான் பசை விலை, ஒட்டும் கூலி ஒரு பக்கம். இரண்டு பேரின் ஒரு நாள் கூலியும் தூள் விலையும் இன்னொரு பக்கம். எது குறைவோ அதைச் செய்யுங்கள். நகம் மாட்டும் கீறல் என்றால் கணக்கே வேண்டாம், கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். மீன் தொட்டிக்கு ஏற்ற சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்தது மீனைக் கொல்லும். ஒட்டிய பிறகு குறைந்தது இரண்டு நாள் காயவிடுங்கள்.

பழைய தொட்டி வாங்கும்போதும் இதே சோதனைகள்தான். ஒரு எலுமிச்சம்பழம், ஒரு ஈரத்துணி, நம் விரல் நகம். இந்த மூன்றும் கையில் இருந்தால் ஏமாறமாட்டோம்.

கீறல் விழாமல் காக்க

* கண்ணாடியை முதலில் துடையுங்கள். மணலைக் கடைசியில் தொடுங்கள்.
* கண்ணாடிக்கு ஒரு ஸ்பாஞ்ச், மற்றதற்கு வேறு ஸ்பாஞ்ச். நிறம் மாற்றி வாங்கினால் குழப்பம் வராது.
* மணல் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே ஸ்பாஞ்சை நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே விரல் நுனியால் மெதுவாகத் துடைத்தால் போதும்.
* காந்தத் துடைப்பானைத் தொட்டிக்குள்ளேயே விட்டு வைக்காதீர்கள். அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே மணல் மாட்டிக்கொள்ளும்.
* பிளேடால் சுரண்டினால் கண்ணாடி ஈரமாக இருக்கட்டும், பிளேடைச் சாய்த்துப் பிடியுங்கள். துருப்பிடித்த பிளேடு வேண்டாம். சிலிக்கான் மூலைப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.
* பாத்திரம் தேய்த்த ஸ்பாஞ்ச் வேண்டவே வேண்டாம். அதில் சோப்பு இருக்கும்.
* புதுத் தொட்டியைப் பராமரிக்க ஒப்புக்கொள்ளும் முதல் நாளே, ஏற்கெனவே இருக்கும் கீறல்களை உரிமையாளர் முன்னிலையில் பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழைய கீறலுக்கு நாம் பதில் சொல்ல வேண்டியிராது.

குழுக் கூட்டத்தில் கலந்து பேசுங்கள்

1. நம் குழுத் தொழிலில் ஒருவர் கையால் நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு? அதற்குத் தீர்மானம் எழுதியிருக்கிறோமா?
2. தவறு நடந்தால் வாடிக்கையாளரிடம் நாமே முதலில் சொல்கிறோமா, அவர் கண்டுபிடிக்கட்டும் என்று இருக்கிறோமா?
3. உங்கள் வீட்டிலோ தொழிலிலோ இருக்கும் ஒரு கண்ணாடியை எடுத்து மூன்று சோதனைகளையும் செய்து பாருங்கள். கறை எது, கீறல் எது என்று அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.

படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு இந்தப் பாடத்தை ஒருவர் வாசித்துக் காட்டுங்கள். நகச் சோதனையைக் கையைப் பிடித்துச் செய்து காட்டுங்கள். இது காதால் கேட்டு வருவதைவிட விரலால் தடவிப் பார்த்தால்தான் சரியாகப் புரியும்.